தொட்டுப் பார்க்க விடுங்கள்

அருங்காட்சியகங்களையும் கலைக்கூடங்களையும் நடத்துபவர்களுக்கும், காப்பாட்சியர்களுக்கும், கண்காட்சிகளை ஏற்பாடு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மரத்தில் வேலை செய்பவன். நாற்காலி, பெஞ்சு, அலமாரி என்று புழங்குகிற பொருட்களைத்தான் அதிகம் செய்கிறேன். இன்றைய கலைஞர்கள் மரத்தில் வடிக்கும் சிற்பங்களையும், சிற்பம் போலவே செதுக்கிய மரச்சாமான்களையும் எங்கே காட்சிக்கு வைத்தாலும் போய்ப் பார்த்துவிடுவேன். ஓவியத்துக்கும் கல்லுக்கும் வெண்கலத்துக்கும் மட்டுமே என்று இருந்த மண்டபங்களில் இப்போது ஒரு நாற்காலிக்கும் இடம் கிடைக்கிறது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்காருவதற்காகச் செய்த நாற்காலியில், முடிகிற இடத்திலெல்லாம், வருகிறவர்களை உட்கார விடுங்கள். கையில் ஏந்தச் செய்த கிண்ணத்தை ஏந்திப் பார்க்க விடுங்கள். அது முடியவே முடியாது என்றால், அதே மரத்தில் ஒரு துண்டையும் மரத்தோடு மரத்தை இணைத்திருக்கும் அதே மூட்டின் ஒரு மாதிரியையும் பக்கத்தில் வையுங்கள். அப்புறம், விவர அட்டையில் ‘மரம்’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், மர வேலையில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். அமெரிக்காவின் சாம் மலூஃப் செய்த ஆடும் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1916-ல் பிறந்து 2009-ல் மறைந்த மலூஃப் தன் கையாலேயே தொழில் கற்றுக்கொண்டவர். படத்தில் பார்த்தால் அழகான நாற்காலி, அவ்வளவுதான். அவர் இருக்கைப் பலகையின் ஓரத்தில் காடி வெட்டுவார், அதற்கு ஈடாகக் காலிலும் காடி வெட்டி இரண்டையும் கோப்பார். அதன் பிறகு அரத்தை எடுத்து ராவத் தொடங்குவார். ராவி முடித்ததும் கால் எங்கே முடிந்தது, இருக்கை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. கைப்பிடியில் ஒரு கூரான விளிம்பு கிளம்பும். அது கொஞ்ச தூரம் ஓடி, மெல்ல மழுங்கி, மறுபடி ஓர் இடத்தில் எழும். இந்த விளிம்பை விரல் நுனியால் பின்தொடர்ந்தவருக்குத்தான் அது எங்கே மறைகிறது என்று தெரியும். கைப்பிடியின் அடிப்பக்கம், விரல்கள் தாமாகவே போய்ச் சுருண்டுகொள்ளும் இடம், மேற்பக்கத்தைவிட அதிகக் கவனத்தோடு இழைக்கப்பட்டிருக்கும். தொடக் கூடாது என்று நீங்கள் கட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவருக்கு அந்த அடிப்பக்கம் கண்ணில் படவே படாது.

முதுகுச் சட்டங்களும் அப்படித்தான். மலூஃபின் ஆடும் நாற்காலியில் அவை முதுகெலும்பின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கும். சாய்ந்தால் லேசாக நெகிழ்ந்து கொடுக்கும். அந்த நெகிழ்வுக்காக ஒவ்வொரு சட்டத்தையும் எங்கே எவ்வளவு மெலிதாக்க வேண்டும் என்று அவர் கை கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆகியிருக்கும். கயிற்றைத் தாண்ட முடியாதவருக்கு அந்த உழைப்பு ஒரு நிழலுருவமாக மட்டும் மிஞ்சுகிறது.

இப்படி ஒரு பழக்கம் உலகில் ஏற்கெனவே உண்டு. பாஸ்டனில் உள்ள நுண்கலை அருங்காட்சியகம் 1970களின் நடுவில் ஒரு திட்டம் தொடங்கியது. காட்சிக்கூடங்களில் மக்கள் உட்காரப் போட்டிருந்த சாதாரண இருக்கைகளுக்குப் பதிலாக, மரச்சாமான் கலைஞர்களிடமே சொல்லி இருக்கைகள் செய்து வாங்கியது. முதலில் கேட்டது மலூஃபிடம். பிறகு வேறு பலரிடமும் வாங்கினார்கள். ‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்பதுதான் திட்டத்தின் பெயரே. அங்கே ஓவியம் பார்க்கப் போய்க் கால் வலித்து உட்கார்ந்த எத்தனையோ பேர், தெரிந்தோ தெரியாமலோ, ஓர் உயர்ந்த கலைப்படைப்பை உடம்பால் அறிந்திருக்கிறார்கள்.

ஓக்லாந்தில் கலிஃபோர்னியா அருங்காட்சியகம் இன்னும் துணிச்சல் காட்டியது. 1969-ல் ஜே. பி. பிளங்க் என்ற சிற்பி, ரெட்வுட் மரத்தின் அடியில் புடைத்து வளர்ந்த ஒரே முண்டை எடுத்து, சங்கிலி ரம்பத்தால் குடைந்து, சுமார் 13 அடி விட்டத்தில் ஒரு வட்டத்தை உருவாக்கினார். ‘தி பிளானட்’ என்று பெயர். அது பெஞ்சா, சிற்பமா? வருகிறவர்கள் அதில் உட்காருகிறார்கள், குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள். இத்தனை காலமாக இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தும் அது இருக்கிறது. கைபட்டுக் கைபட்டு வரும் ஒரு மழமழப்பு உண்டே, அதை எந்த உப்புத்தாளும் தராது.

சரி, உங்கள் தரப்புக்கு வருகிறேன். நீங்கள் காரணமில்லாமல் கயிறு கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். கையில் உள்ள வியர்வையும் எண்ணெயும் வெளிறிய மரத்தைக் கறுக்க வைக்கும். மோதிரமும் பெல்ட் கொக்கியும் கீறிவிடும். காப்பீட்டு நிறுவனம் சம்மதிக்காது. கடன் வாங்கி வைத்திருக்கும் படைப்பு என்றால் உடைமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். இவை எல்லாமே நியாயமான கவலைகள். எல்லாப் படைப்பையும் தொட விடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

அமெரிக்கச் சிற்பி மார்ட்டின் பியூரியரின் ஏணியைத் தொடக் கூடாதுதான். 1996-ல் அவர் செய்தது, இப்போது ஃபோர்ட் வொர்த் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. ஓர் இளம் ஆஷ் மரத்தை நீளவாக்கில் பிளந்து, அதன் இயல்பான வளைவு நெளிவுகளை அப்படியே விட்டு, இரண்டு பக்கக் கால்களாக ஆக்கியிருக்கிறார். நீளம் சுமார் 11 மீட்டர். அடியில் ஏறக்குறைய 2 அடி அகலம், உச்சியில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். அடிமைத்தனத்தில் பிறந்து, கல்வியால் உயரலாம் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனின் பெயரை அந்த ஏணி தாங்கியிருக்கிறது. தரையில் கால் ஊன்றாமல் கம்பிகளில் தொங்குவதும், மேலே போகப் போகக் கால் வைக்க இடமில்லாமல் குறுகுவதும்தான் அதன் பொருள். ஏறிவிட முடிந்தால் அந்தப் பொருளே போய்விடும்.

அமெரிக்க மரச்சாமான் கலைஞர் வெண்டல் காஸில் 1985-ல் செய்த ‘கோஸ்ட் கிளாக்’கும் (பேய்க் கடிகாரம்) அப்படித்தான். வெள்ளைத் துணி போர்த்திக் கயிற்றால் கட்டிய பெரிய நிலைக்கடிகாரம் போல நிற்கும். பக்கத்தில் போனால்தான் தெரியும், துணியும் இல்லை, கடிகாரமும் இல்லை. மகாகனிப் பலகைகளை ஒட்டிச் சேர்த்து, அந்தத் திரளிலிருந்து மடிப்பும் சுருக்கமுமாகச் செதுக்கி, ‘துணி’ப் பகுதியை மட்டும் வெளுக்கச் செய்திருக்கிறார். கண்ணை நம்ப வைப்பதுதான் அந்த வேலையின் நோக்கம். அங்கே கயிறு இருக்கட்டும்.

ஆனால் இதே காஸில் உட்காருவதற்காகவும் எத்தனையோ செய்தார். ஒரே கலைஞரின் இரண்டு படைப்புகளுக்கு இரண்டு விதமான விதி தேவைப்படலாம். இதைத் தீர்மானிக்கும்போது நீங்கள் அந்தக் கலைஞரைக் கேட்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி. உயிரோடு இருக்கும் கலைஞர்கள் பலர் இருக்கிறார்கள். ‘இதில் மக்கள் உட்காரலாமா?’ என்ற ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் போதும். எனக்குத் தெரிந்த மர வேலைக்காரர்களில் பெரும்பாலோர், ‘அதுக்குத்தானே செய்தேன்’ என்றுதான் சொல்வார்கள்.

கொஞ்ச காலம் முன்பு ஒரு கண்காட்சியில் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். பெரிய கட்டை ஒன்றைக் குடைந்து செய்த தாழ்வான பெஞ்சு. இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார இரண்டு குழிவுகள், நடுவில் ஒரு மேடு. கண் தெரியாத ஒரு பெண்மணி மகளோடு வந்திருந்தார். மகள் விவர அட்டையை வாசித்தாள். கலைஞரின் பெயர், ஆண்டு, ‘மரம்’. “என்ன மரம்?” என்று அம்மா கேட்டார். “போடலம்மா.” “எப்படி இருக்கு?” மகள் தன்னால் முடிந்தவரை விவரித்தாள், பாவம். அம்மா கையை நீட்டினார். காவலர் மிகவும் மரியாதையாகவே வந்து தடுத்தார். அவர் தன் வேலையைச் செய்தார், அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களிலேயே அந்த பெஞ்சை மிக நன்றாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடியவர் அந்தப் பெண்மணிதான். உள்ளங்கையை அந்தக் குழிவில் ஒருமுறை வைத்திருந்தால் எந்த உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்பது வரை தெரிந்திருக்கும். அவருக்கு அங்கே கிடைத்தது ‘மரம்’ என்ற ஒரு சொல் மட்டும். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அதனால்தான் விவர அட்டையைப் பற்றித் தனியாகக் கேட்கிறேன். ஓவியத்துக்கு ‘கித்தானில் எண்ணெய் வண்ணம்’ என்று எழுதுகிறீர்கள். வெண்கலம் என்றால் வெண்கலம் என்றே எழுதுகிறீர்கள். மரத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கனம்? வால்நட்டும் ஓக்கும் தேக்கும் ஈட்டியும் எடையில், மணத்தில், உளிக்குக் கொடுக்கும் எதிர்ப்பில் ஒன்றோடொன்று ஒட்டாதவை. வைரம் பாய்ந்த நடுமரமா, வெளிறான புறமரமா என்பதிலேயே ஒரு படைப்பின் நிறமும் ஆயுளும் அடங்கியிருக்கிறது. வாழ்ந்து விழுந்த மரமா, வெட்டிய மரமா, இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய மரமா என்பதும் படைப்பின் பகுதிதான். நெதர்லாந்தின் பீட் ஹைன் ஏக், 1990-ல் படிப்பை முடிக்கும்போதே வேண்டாமென்று தள்ளிய மரத்துண்டுகளால் ஓர் அலமாரி செய்து கவனம் பெற்றவர். பழைய வண்ணம் உரிந்தும் உரியாமலும் இருக்கும் அந்தத் துண்டுகளை ‘மரம்’ என்று எழுதினால் அவர் செய்ததில் பாதி மறைந்துபோகும்.

மரத்தின் பெயரைச் சொல்வதில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஈட்டி மரமும் ரோஸ்வுட் என்று விற்கப்படும் பல மரங்களும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், 2017 ஜனவரியிலிருந்து, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் அதற்கும் முன்பே, 1992-ல், மிகக் கடுமையான பிரிவில் சேர்க்கப்பட்டது. மரம் எங்கிருந்து வந்தது என்று பொதுவில் எழுதும் பழக்கம் வந்தால், செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் கேட்டுத் தெரிந்து வாங்குவார்கள். ஒழுங்காக மரம் எடுக்கும் கலைஞருக்கு அது பெருமையும் தரும்.

எப்படிச் செய்தார்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். அயர்லாந்தின் ஜோசப் வால்ஷ் செய்யும் மேசைகளையும் கட்டில்களையும் பார்த்தால் மரம் நாடாவைப் போலச் சுழன்று காற்றில் எழும்பியது மாதிரி இருக்கும். 2017-ல் அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்தில் வைத்த ‘மேக்னஸ் மோடஸ்’ என்ற சிற்பமும் அதே வகைதான். பார்க்கிறவர்கள் ஏதோ ஒரு பெரிய மரத்தை அப்படியே வளைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் ஆஷ் மரத்தை மெல்லிய ஏடுகளாக அறுத்து, ஏட்டின் மேல் ஏடாகப் பசை போட்டு, பசை இறுகுவதற்குள் வளைத்து, இறுக்கிப் பிடித்துக் காய விடுவார்கள். ஏடு மெல்லியதாக இருப்பதால் உடையாமல் வளைகிறது. பல ஏடுகள் சேர்ந்ததும் அந்த வளைவை இனி யாராலும் நிமிர்த்த முடியாது. வளைந்து முடிந்ததும் உளியும் அரமும் எடுத்து ஏடுகளின் எல்லை தெரியுமாறு செதுக்குகிறார்கள். இதை அறிந்த பிறகு அந்த மேசையைப் பார்ப்பதே வேறு. ஐந்தாறு ஏடுகளை ஒட்டி வளைத்த ஒரு சின்னத் துண்டைப் பக்கத்தில் தொட வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

அடிப்பக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய வம்சாவளியில் வந்த அமெரிக்கர் ஜார்ஜ் நகாஷிமா 1990-ல் மறைந்தவர் என்றாலும், இன்றைக்கு மரத்தின் இயற்கை ஓரத்தை அப்படியே விட்டு மேசை செய்யும் எல்லோருக்கும் அவர்தான் முன்னோடி. பலகையில் விரிசல் இருந்தால் மறைக்க மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டை அதன் குறுக்கே பதித்து, ‘இதுக்கு மேல் ஓடாதே’ என்று நிறுத்துவார். வாங்கியவரின் பெயரை மேசையின் அடியில் எழுதி வைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அடியில் எழுதிய அந்தப் பெயரை நான் எந்தக் காட்சியிலும் பார்த்ததில்லை. ஒரு கண்ணாடியைச் சாய்த்துத் தரையில் வைத்தால் போதுமே! அலமாரி என்றால் ஓர் இழுப்பறையை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். பின் பலகை எப்படிப் பொருந்தியிருக்கிறது, புறாவின் வால் போல விரிந்த பற்களைக் கோத்துப் பலகைகளை இணைக்கும் புறாவால் பூட்டு எவ்வளவு நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வெளிப்பக்கத்தை ஒப்பேற்றுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. உள்பக்கத்தைப் பார்த்தால் யார் எப்படி என்று புரிந்துவிடும்.

நகாஷிமாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். கட்டிடக் கலை படித்த நகாஷிமா, 1930களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதி கட்டுமானத்தை அங்கேயே தங்கி மேற்பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு சண்டை மூண்டதும் அமெரிக்க அரசு மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. இடாஹோவின் மினிடோகா முகாமில் அடைபட்டிருந்தபோது, ஜப்பானிய மரபில் பயின்ற கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம்தான் அவர் கைக்கருவிகளை முறையாகப் பிடிக்கக் கற்றார். கிடைத்த பழைய மரத்தை வைத்து இருவரும் வேலை செய்தார்கள். நகாஷிமாவின் பெயர் உலகுக்கே தெரியும். ஹிகோகாவாவின் பெயரை விவர அட்டையில் சேர்க்க ஒரு வரி போதும். அந்த முகாம்களின் நினைவு இன்றைய மரக் கலைஞர்களிடமும் இருக்கிறது. 1952-ல் பிறந்த வெண்டி மாருயாமா, முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் சட்டையில் மாட்டிய அடையாளச் சீட்டுகளைப் போல சுமார் 1,20,000 சீட்டுகளைப் பலர் கையால் எழுத வைத்துக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டார். அவற்றோடு சேர்ந்து அவர் செய்த சிறு மர அலமாரிகளும் உண்டு. இவர் மரச்சாமான் கலையில் முறையான பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். பட்டறைகளில் பெண்களுக்கு இடமே இல்லாத காலம் அது. 2019-ல் பிலடெல்ஃபியாவில் மரவேலை செய்யும் பெண்களின் படைப்புகளை மட்டும் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்த வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய கண்காட்சிகளில் யார் விடுபட்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உதவியாளர்களின் பெயரும் இப்படித்தான் காணாமல் போகிறது. அமெரிக்கச் சிற்பி அர்சுலா வான் ரைடிங்ஸ்வார்டின் சிற்பங்கள் சில சமயம் ஒரு வீட்டின் உயரம் இருக்கும். 4 அங்குலச் சதுரச் செடார் உத்திரங்களில் பென்சிலால் கோடு போட்டு, வட்ட ரம்பத்தால் அறுத்து, அடுக்கி ஒட்டி, மேலே பென்சில் கரியைத் தேய்த்து இறக்குகிறார். செடார் மரத்தூளே அவருக்கு ஒவ்வாமை. முகமூடியும் காற்றுக் குழாயுமாக நின்றுதான் வேலை செய்கிறார். அவரோடு ரம்பம் பிடிக்கும் ஒரு குழுவும் இருக்கிறது. திரைப்படம் முடிந்ததும் எல்லோருடைய பெயரும் ஓடுகிறது. மரச் சிற்பத்துக்கு மட்டும் அறுத்தவர் பெயரும் இழைத்தவர் பெயரும் ஏன் வரக் கூடாது? இடமில்லை என்றால் சுவரின் ஓரத்தில் ஒரு தாளாவது ஒட்டுங்கள்.

இப்போது மரத்தின் அசைவுக்கு வருகிறேன். இங்கேதான் உங்களுக்கும் எங்களுக்கும் அதிகமான மனத்தாங்கல் வருகிறது. மரம் வெட்டிய பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். பச்சை மரம் காயும்போது நீளத்தில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. அகலத்தில் நன்றாகவே சுருங்கும். வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் பலகை வளைகிறது, கட்டை வெடிக்கிறது. மேசைப் பலகையைச் சட்டத்தில் அசையாமல் திருகி முடுக்காமல் நாங்கள் ஏன் இடம் விடுகிறோம் என்றால் இதற்காகத்தான்.

சில கலைஞர்கள் இந்த அசைவையே கருப்பொருளாக்கியிருக்கிறார்கள். வேல்ஸில் வாழும் டேவிட் நாஷ் 1979-ல் காயாத ஓக் மரத்தில் ஒரு பெட்டி செய்தார். பெட்டி காயக் காய வாய் பிளந்தது, பக்கங்கள் முறுக்கிக்கொண்டன. ‘கிராக்கிங் பாக்ஸ்’ (விரிசல் விடும் பெட்டி) என்றே பெயர் வைத்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு வெட்டிய ஓர் உருண்டையான ஓக் கட்டையைப் பட்டறைக்குக் கொண்டுவர ஓடையில் விட்டபோது அது சிக்கிக்கொண்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பல பத்தாண்டுகளாக அது வெள்ளத்தில் உருண்டு நகர்வதைப் படமும் வரைபடமுமாகப் பதிவு செய்துகொண்டே இருந்தார். ஆற்றின் கழிமுகம் வரை போய் ஒரு கட்டத்தில் காணாமல் போனது, திரும்பத் தென்பட்டது, மறுபடியும் காணாமல் போனது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் காம்பெர்ல் மரத்தை ஈரமாக இருக்கும்போதே கடைசல் பிடித்துப் பெரிய பாத்திரங்கள் செய்கிறார். கடைந்து முடித்த வட்டம் காய்ந்து முடிக்கையில் வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் ஒடுங்கி, ஒரு பக்கம் தோள் தூக்கி, தானே ஓர் உருவம் எடுத்திருக்கும். 2017-ல் லோவே அறக்கட்டளையின் கைவினைப் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பழைய ஓக் மரம் ஒன்றிலிருந்து அவர் கடைந்த பாத்திரத்துக்குத்தான் போனது.

இப்படிப்பட்ட படைப்பில் ஒரு புதிய விரிசல் வந்ததும் பழுது என்று குறித்துப் பசை வைத்து அடைத்துவிடாதீர்கள். செய்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதே சமயம், ஒட்டு வேலையால் ஆன ஒரு நுட்பமான அலமாரியை உலர்ந்த குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் நிறுத்தவும் செய்யாதீர்கள். மலைக்காற்றில் பிறந்த வேலையை மறுநாளே வறண்ட அறைக்குக் கொண்டுவந்தால் அது ‘டப்’ என்று சத்தம் போட்டே வெடிக்கும். வந்து சேர்ந்த பெட்டியை உடனே பிரிக்காமல் கொஞ்ச நாள் அந்த அறையிலேயே ஓய்வாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எண்ணெய் தேய்த்த மரமா, வார்னிஷ் அடித்த மரமா, வெறும் மெழுகு மட்டுமா என்று கேட்டு வாங்கி உங்கள் பதிவேட்டில் எழுதி வையுங்கள். எண்ணெயும் மெழுகும் போட்ட மரத்தில் விழும் கைத்தடத்தையும் சின்னக் கீறலையும் பெரும்பாலும் ஒரு மென்துணியால் சரிசெய்துவிடலாம். தொட வைக்க எந்தப் படைப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு இதுவே நல்ல தொடக்கம்.

‘இது கலையா, சாமானா’ என்ற பழைய வழக்கை நான் இங்கே இழுக்கப் போவதில்லை. அமெரிக்காவின் வார்ட்டன் எஷெரிக் ஓவியராகத் தொடங்கி, தன் படங்களுக்குச் சட்டம் செதுக்கப் போய், சட்டமே பெரிதாகி மரவேலைக்கு வந்தவர். அவர் 1930-ல் தன் பட்டறையில் செய்த சுழல் படிக்கட்டு, முறுக்கிக்கொண்டு மேலே போகும் ஒரு நடுமரத்தில் ஒவ்வொரு படியாகக் கழுந்து வைத்துப் பொருத்தியது. 1940-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினார்கள். திரும்பவும் கொண்டுவந்து வீட்டில் மாட்டினார்கள், அவர் பாட்டுக்கு ஏறி இறங்கினார். அதே மனிதர் 1938-ல் ஒரு நாடகக் குழுவுக்கு நாற்காலி வேண்டும் என்றதும், சுத்தியல் காம்புகளை மொத்தமாக வாங்கி அவற்றையே கால்களாகவும் சட்டங்களாகவும் வைத்து நாற்காலிகள் செய்து கொடுத்தார். நாடகம் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கண்காட்சிக்குப் போனாலும் வீட்டுக்கு வந்தாலும் அவர் வேலை ஒன்றுதான்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அடுத்த மரக் கண்காட்சியில் ஒரே ஒரு பெஞ்சையோ ஒரு நாற்காலியையோ மட்டும் மக்களுக்கு விடுங்கள். அது எது என்பதைச் செய்தவரே சொல்லட்டும். பக்கத்தில் கை துடைக்க ஒரு துணி, ‘மோதிரத்தைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்’ என்று ஒரு சிறு பலகை. இன்னொரு மேசையில், காட்சியில் இருக்கும் மரங்களின் உள்ளங்கை அளவுத் துண்டுகள், ஒரு பக்கம் இழைத்தும் ஒரு பக்கம் ரம்பம் பட்டபடியும். கூடவே பாதி திறந்த ஒரு மூட்டு. கண் தெரியாதவர்கள் வரும் நாளில் முன்கூட்டியே சொன்னால் கையுறை இல்லாமல் தொட அனுமதி, ஒரு ஆளின் துணையோடு. செலவு என்று பார்த்தால் இவையெல்லாம் பெரிய செலவில்லை. துண்டுகளை நாங்களே தருவோம், எங்கள் பட்டறை மூலைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன.

பராமரிப்புக்கு ஆள் இல்லை என்பது உங்கள் தயக்கம் என்றால் அதற்கும் வழி உண்டு. கூடம் மூடியிருக்கும் நாளில் மாதம் ஒருமுறை வந்து, உட்கார விட்ட பொருளைத் துடைத்து, எண்ணெயோ மெழுகோ போட்டு, மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, பார்த்ததை உங்கள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக நான் தயார். என்னைப் போல மரவேலை செய்யும் பலரைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் சம்மதிப்பார்கள். எந்த நாள் தோது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் ஒருவன்